உங்களுக்குத் தெரியுமா? வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் மணிகள்

பலெர்மோவில் கபோ சந்தைப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள், இருட்டியபின் ஊரெல்லை தாண்டிச் சைக்கிள் மிதித்தால் ஒளி திருப்பும் மேற்சட்டையோ பட்டையோ அணிந்தே ஆகவேண்டும். 2010 முதல் இத்தாலியில் இது சட்டம். இரவில் ஊருக்கு வெளியே நின்றுபோன காரிலிருந்து இறங்குவோருக்கு 2004-லேயே கட்டாயமாகிவிட்டது.

அந்தச் சாம்பல் நிறப் பட்டையை உற்றுப் பாருங்கள். மயிரிழைப் பருமனே உள்ள கண்ணாடி மணிகள் அதில் நெருக்கமாகப் பதிந்திருக்கும். உள்ளே நுழைந்த ஒளியை ஒவ்வொரு மணியும் வளைத்து, பின்புறத்து அலுமினியப் பூச்சில் பட வைத்து, வந்த திசைக்கே அனுப்பிவிடும். அதனால்தான் முகப்பு விளக்குக்கு அருகில் இருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்குப் பட்டை பளீரிடுகிறது. ஓரமாக நிற்பவருக்கு மங்கலாகவே தெரிகிறது. எவ்வளவு அருமையான யோசனை!

அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1930-களின் இறுதியில் இதைச் சாலைப் பலகைகளில் ஒட்டும் தாளாக்கியது. திறந்த மணிகள் மழையில் நனைந்தால் ஒளி குன்றும். மணிகளைப் பிளாஸ்டிக் படலத்துக்குள் மூடியதும் அந்தக் குறை தீர்ந்தது. பிறகு வந்த முப்பட்டக வகையில், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் ஒளியைத் திருப்புகின்றன. 1969-ல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்த லேசர் எதிரொளிப்பானும் இதே வகைதான்.

துவைக்கத் துவைக்கப் பட்டையின் திறன் குறையும். எத்தனை முறை துவைக்கலாம் என்பது சட்டையின் உள் லேபிளிலேயே இருக்கும். அதைத் தாண்டியதைப் போட்டுக்கொண்டு இரவில் சாலைக்குப் போகாதீர்கள்.