கணக்குக் கேட்க ஏற்பட்ட அலுவலகம்

'கண்ட்ரோல்' என்ற சொல்லைக் கேட்டால் நம் மளிகை வணிகர்களுக்கு அரிசி கண்ட்ரோல், சீனி கண்ட்ரோல், மண்ணெண்ணெய் கண்ட்ரோல் ஆகியவைதான் நினைவுக்கு வரும். அவை கடைக்காரர்களைக் கட்டுப்படுத்த வந்தவை. ஆனால் ஒரு மாபெரும் வணிகக் கம்பெனியையே கட்டுப்படுத்துவதற்காக லண்டனில் ஓர் அரசு அலுவலகம் 74 ஆண்டுகள் நடந்தது. அதன் பெயர் 'போர்டு ஆஃப் கண்ட்ரோல்'. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வையிட 1784-இல் ஏற்பட்டு, 1858-இல் கலைக்கப்பட்டது.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அந்த அலுவலகம் எடுத்த முதல் பெரிய முடிவுகளுள் ஒன்றின் வேர், நம்மைச் சுற்றியுள்ள தஞ்சைச் சீமையின் நெல் விளைச்சலில் இருந்தது.

பிரெஞ்சுக் கம்பெனியின் நிலை

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்தக் கம்பெனி பெயருக்குத்தான் வணிகர்களுடையது. அதன் டைரக்டர்களை நியமித்தவர் மன்னர். பிரான்ஸின் நிதியமைச்சருக்குக் கட்டுப்பட்ட அரச கமிஷனர் ஒருவர் கம்பெனி நிர்வாகத்திலேயே உட்கார்ந்திருந்தார். பங்குதாரர்களுக்குப் புகையிலை ஏகபோக வருமானத்திலிருந்து நிலையான பங்கு ஆதாயம் வந்துகொண்டிருந்தது. சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் வருகிறது என்றால் பேரேட்டை யார் புரட்டிப் பார்ப்பார்? நடத்துபவரும் மேற்பார்ப்பவரும் ஒரே அரசாங்கம். பங்குதாரர்களோ வாய் திறப்பதில்லை. போர்ச் செலவும் கடனும் ஏறி, 1769-இல் கம்பெனியின் ஏகபோக உரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. நம் ஊர் மன்னரின் நேரடி நிர்வாகத்துக்குப் போனது.

லண்டன் போர்டு வேலை செய்த விதம்

ஆங்கிலேயர்கள் வேறு வழியை எடுத்தார்கள். கம்பெனியை வெளியில் இருந்து கண்காணிக்க ஆறு பேர் கொண்ட போர்டை, பிரதமர் பிட் கொண்டுவந்த 1784-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்தியது. அரசாங்க மந்திரிகள் அதில் இருந்தார்கள். வரி, ராணுவம், சிவில் நிர்வாகம் பற்றி டைரக்டர்கள் இந்தியாவுக்கு எழுதும் எந்தக் கடிதமும் முதலில் போர்டுக்குப் போக வேண்டும். போர்டு அதைத் திருத்தலாம், அடிக்கலாம், புதிதாகவே எழுதலாம். திருத்திய கடிதத்தை டைரக்டர்கள் தங்கள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

இரண்டு விஷயங்கள் மட்டும் கம்பெனியிடம் விடப்பட்டன. ஒன்று, கொள்முதல், விற்பனை பற்றிய வியாபாரக் கடிதங்கள். மற்றொன்று, பெரும்பாலான உத்தியோக நியமனங்கள். சுருக்கமாகச் சொன்னால், கடைப் பலகையில் முதலாளியின் பெயர் இருந்தது, கல்லாச் சாவி வேறொருவரிடம் இருந்தது.

தஞ்சை நெல்லின் மீது எழுதிய கடன்

ஆற்காடு நவாப் முகமது அலி, சென்னையில் இருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் தனிப்பட்ட முறையில் பெருங்கடன் வாங்கியிருந்தார். ஆண்டு வட்டி நூற்றுக்கு 20, 25, சில சமயம் அதற்கும் மேல். 1773-இல் கம்பெனிப் படையின் துணையுடன் தஞ்சாவூரைப் பிடித்த நவாப், அதன் விளைச்சலையே கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தார். அப்படிக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் சிறு சம்பளக்காரர்.

1776-இல் சென்னை கவர்னர் பிகட் பிரபு, தஞ்சாவூரை அதன் ராஜா துளஜாவிடம் திரும்ப ஒப்படைத்தார். உடனே பென்ஃபீல்டு வந்து நின்றார். நவாப் தரவேண்டியது 1,62,000 பவுன், தஞ்சையில் தனிப்பட்ட நபர்கள் தரவேண்டியது 72,000 பவுன், இதற்கெல்லாம் வயலில் நிற்கும் நெல்லே ஈடு என்றார். போதிய ஆதாரச் சீட்டுகள் இல்லை என்று கவுன்சில் முதலில் தள்ளியது. பிறகு கவுன்சிலின் பெரும்பான்மை மனம் மாறியது. கவர்னர் உடன்படவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் கவர்னரையே கைது செய்தார்கள். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார்.

பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விட்டது

இந்தக் கடன்களின் மூலத்தையும் நியாயத்தையும் விசாரிக்க வேண்டும் என்று 1784-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. டைரக்டர்களும் அவ்வாறே விசாரணைக்கு உத்தரவிட்டுக் கடிதம் தயாரித்தார்கள். ஆனால் போர்டில் செல்வாக்குப் பெற்றிருந்த ஹென்றி டன்டாஸ் காலத்தில் அந்தக் கடிதம் மாற்றி எழுதப்பட்டது. கடன்களை மூன்று வகையாகப் பிரித்து, விசாரணை இல்லாமலே கர்நாடக வருவாயிலிருந்து தீர்க்கும்படி உத்தரவு போயிற்று.

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் இதைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் தேர்தலில் செய்த உதவிக்குக் கைம்மாறு இது என்று குற்றம் சாட்டினார். வாக்கெடுப்பில் தோற்றுப்போனார். ஹைதர் அலியின் படையெடுப்பில் நாசமாகி, பஞ்சத்தில் அடிபட்டிருந்த நாட்டின் வரிப்பணம், யாரும் சரிபார்க்காத சீட்டுகளுக்குப் போனது.

இதன் பின்கதை வணிகர்கள் அவசியம் அறிய வேண்டியது. பழைய கடன் கேள்வியின்றித் தீர்க்கப்பட்டதைப் பார்த்தபின், நவாப் குடும்பத்தின் மீது புதிய கடன் சீட்டுகள் குவிந்தன. 1801-இல் கர்நாடகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டபின், இந்தச் சீட்டுகளை ஆராயக் கமிஷனர்கள் நியமிக்கப்பட்டார்கள். இந்த முறை ஒவ்வொரு சீட்டும் பார்க்கப்பட்டது. வேலை முடிய ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது. கேட்கப்பட்ட தொகை 3 கோடி பவுனுக்கு மேல். உண்மையான கடன் என்று தேறியது 30 லட்சம் பவுனுக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தள்ளுபடி!

வியாபாரமே இல்லாத கம்பெனி

கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் 1813-இல் முடிந்தது. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது வியாபாரத்தையே விட்டுவிட நேர்ந்தது. அதற்குப்பின் 25 ஆண்டுகள், வியாபாரம் செய்யாத ஒரு கம்பெனியைப் போர்டு கண்காணித்துக்கொண்டிருந்தது. 1857 கிளர்ச்சிக்குப்பின் கம்பெனி ஆட்சி முடிந்தது, போர்டும் போனது. அதன் கடைசித் தலைவரான ஸ்டான்லி பிரபுவே இந்திய மந்திரி என்ற புதிய பதவியின் முதல் மந்திரியானார். காரைக்காலோ 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்திலேயே இருந்தது.

நமக்கு என்ன?

போர்டுக்கு அதிகாரம் குறைவில்லை. பொறுக்கி எடுத்த புத்திசாலிகள் அதில் இருந்தார்கள். சட்டமும் தெளிவாகச் சொன்னது. இருந்தும், சீட்டைக் கையில் வாங்கிப் பார்க்கும் ஒரே வேலையை விட்டதால் மற்றதெல்லாம் பயனற்றுப் போயிற்று. பின்னால் வந்த கமிஷனர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்த்தார்கள், அவ்வளவே.

நம் கடைகளிலும் இதேதான். மொத்த வியாபாரி அனுப்பும் பாக்கிப் பட்டியலை நம் பேரேட்டுடன் ஒத்துப் பார்க்காமல் 'சரி' என்று எழுதி அனுப்புகிறோம். 'ஆடிட்டர் பார்த்துக்கொள்வார், ஜி.எஸ்.டி. கணக்கு போட்டாயிற்று' என்று இருந்துவிடுகிறோம். ஆடிட்டர் நாம் கொடுக்கும் காகிதத்தைத்தான் பார்ப்பார். கூட்டு வியாபாரத்தில் மாதாமாதம் பங்குத்தொகை வந்தால் போதும் என்று நாள்வழியைத் தொடாமல் இருக்கும் பங்காளி, பிரெஞ்சுக் கம்பெனியின் பங்குதாரர் உட்கார்ந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சங்கக் கணக்கும் இதற்கு விலக்கல்ல. ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கும்போது காபிக்கு எழுந்து போகாமல், பில்லைக் காட்டுங்கள் என்று கேட்பது குறை சொல்வதாகாது. அது ஒவ்வோர் உறுப்பினரின் கடமை.

ஆகவே வணிகப் பெருமக்கள், தரவேண்டிய பாக்கி, வரவேண்டிய பாக்கி இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பில்லுடன் ஒத்துப் பார்த்து, எதிர்த் தரப்பின் கையொப்பம் வாங்கி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.