மூக்கைத் தூக்கும் கார்

அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகன் சென்ற ஆண்டு மும்பை வந்திருந்தபோது ஒரு படம் காட்டினான். 1968-ஆம் வருடத்து ஷெவர்லே கமாரோ கார் ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் டிராக் ரேஸ் ஓடுகிறானாம். பச்சை விளக்கு எரிந்ததும் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கியர் மாறியபோது மூக்கு இறங்கியது. இறங்கிய கணத்தில் வண்டி பக்கத்துப் பாதையை நோக்கி இரண்டு முழம் ஒதுங்கியது. அந்தப் பாதையில் இன்னொரு கார் ஓடிக்கொண்டிருந்தது. எப்படியோ சமாளித்துவிட்டான். அக்காள் பாதியிலேயே எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

"பணத்தையெல்லாம் என்ஜினுக்கே போட்டுட்டேன் மாமா. முன்பக்கம் எல்லாம் பழைய சாமான்தான்" என்றான்.

முப்பது வருடம் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் காலம் தள்ளியவன் நான். அவன் வைத்திருந்த படங்களையும் அளவுகளையும் பரப்பிக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்தோம். அதில் தெளிந்ததை நம் சங்க அன்பர்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். பிள்ளைகளுக்கு இயற்பியல் பாடமாகவாவது இருக்கட்டும்.

டிராக் ரேஸ் என்றால் வளைவே கிடையாது. இரண்டு கார்கள், நேர்பாதை, கால் மைல் தூரம். அதாவது 402 மீட்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிபோர்னியாவின் விமான ஓடுதளங்களில் வேர்விட்ட விளையாட்டு இது. 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கி விதிகளுக்குள் கொண்டு வந்தார்.

நேராகத்தானே ஓடுகிறது, முன்பக்கத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். பஸ் டிரைவர் சட்டென்று வண்டியை எடுத்தால் நின்றிருப்பவர் பின்னால் சாய்கிறார் அல்லவா? காரின் பாரமும் அப்படித்தான் பின்னுக்குப் போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் 1,500 கிலோ. முன்னும் பின்னும் உள்ள அச்சுகளுக்கு இடையே 2.74 மீட்டர், பாரத்தின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். புவியீர்ப்பு அளவுக்குச் சமமான வேகவளர்ச்சியோடு கிளம்பினால், சுமார் 270 கிலோ முன்சக்கரங்களை விட்டுப் பின்சக்கரங்களுக்கு மாறும். என்ஜின் சுழற்றுவது பின்சக்கரங்களை என்பதால் அங்கே பாரம் ஏற ஏற டயர் வழுக்காமல் கவ்வும்.

1950, 60-களில் 'கேஸர்' என்ற வகைக் கார்களை ஓட்டியவர்கள் இதைக் கண்ணுக்குத் தெரியும்படியே செய்தார்கள். முன்பக்கம் ஒரே தண்டாக உள்ள அச்சைப் பூட்டி, காரையே அண்ணாந்து பார்க்க வைத்தார்கள். கிராங்க் தண்டின் மையம் தரையிலிருந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதி போட வேண்டி வந்தது!

கமாரோவின் அமைப்பு வேறு. மும்பைத் தெருக்களில் 2023 அக்டோபர் வரை ஓடிய பத்மினி டாக்சியின் ஜாதி என்று சொல்லலாம்: மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவே காயில் ஸ்பிரிங். ஐம்பது வருடப் பழைய ரப்பர் புஷ்கள் இறுகி, கைகள் தாராளமாக அசைய விடுவதில்லை. அவற்றை எடுத்துவிட்டு உராய்வு குறைந்த புஷ் போடுவதுதான் முதல் வேலை. பழைய தகட்டுக் கைகளுக்குப் பதில் குழாய்க் கைகள் போட்டால் எடையும் குறையும். ஸ்பிரிங், நீளமாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். நன்றாக அமுங்கி உட்கார்ந்திருப்பது, பாரம் விலகியதும் மூக்கை மேலே தள்ளும். (அமுங்கிய ஸ்பிரிங்கைத் தக்க கருவி இல்லாமல் கழற்றாதீர்கள். தெறித்தால் ஆளைக் கொல்லும்.)

ஷாக் அப்ஸார்பரில் பழைய ஆட்கள் விரும்பியது 90-க்கு 10 என்ற வகை. விரிவதற்கு மிக இலகு, அமுங்குவதற்கு மிக இறுக்கம். மூக்கு சட்டென்று எழும்பும், மெல்ல இறங்கும். ஆனால் உயரத் தூக்கிவிட்டு இறங்கும் கார் அந்த இறுக்கத்தில் நங்கென்று மோதும். அடி சட்டத்துக்குப் போகும். இரண்டு பக்க இறுக்கத்தையும் தனித்தனியே திருகி மாற்றக்கூடியது விலை கூடுதல் என்றாலும் அதையே வாங்கு என்றேன். முன்சக்கரம் அந்தரத்தில் தொங்குவது போட்டோவுக்குத்தான் அழகு. மேலே தூக்கச் செலவாகும் சக்தி காரை முன்னே தள்ளாது. அதனால் எழும்பும் உயரத்துக்கு ஒரு தடுப்பும் தேவை. அது பால் ஜாயின்ட்டையும் காப்பாற்றும்.

சரி, கார் ஏன் ஒதுங்கியது? இந்தக் கேள்வியில்தான் இரண்டு நாள் போயிற்று. சக்கரம் மேலும் கீழும் போகும்போது இரண்டு கைகளும் ஒரு வளைவில் அசைகின்றன. ஸ்டியரிங்கின் டை ராட் தனக்கென்று ஒரு வளைவில் அசைகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், ஸ்டியரிங்கை யாரும் தொடாமலே சக்கரம் திரும்பும். இதற்கு 'பம்ப் ஸ்டியர்' என்று பெயர். இடதும் வலதும் ஒரே அளவு திரும்பினால் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் என்ஜினின் முறுக்கு காரின் இடது முன்பக்கத்தைக் கூடுதலாகத் தூக்குகிறது. எழும்பியிருக்கும்வரை சக்கரங்களில் பாரம் குறைவு, தப்பு தெரியாது. பாரம் திரும்ப வந்து விழுந்ததும், திரும்பியிருக்கும் சக்கரம் காரை இழுத்துக்கொண்டு போகிறது.

மருந்து சிறியதுதான். டை ராட் முனையைத் தட்டை வளையங்கள் வைத்து ஏற்றி இறக்கி, சக்கரம் முழுத்தூரம் அசைந்தாலும் திரும்பாத இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியில் அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றி ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். பொறுமை சோதிக்கும் வேலை! கூடவே காஸ்டர் கோணத்தையும் 4, 5 டிகிரிக்குக் கூட்டினால், வேகத்தில் சக்கரம் தானாகவே நேராக நிற்கப் பார்க்கும். பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போடச் சொன்னேன். பதினோரு வினாடியில் கால் மைலைக் கடக்கும் கார் கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்.

ஊர் திரும்பியவன் மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டான். "அலைன்மென்ட் பார்க்கும்போது ஆள் உட்கார்ந்திருக்கணுமா மாமா?" ஆமாம், உன் எடை சீட்டில் இருந்தால்தான் அளவு சரியாக வரும் என்றேன். கீழே குனிந்து அளக்க வேண்டியவனும் அவனே, உதவிக்கு ஆளில்லை. இருபது பவுண்டு அரிசிப் பை எட்டை ஓட்டுநர் சீட்டில் அடுக்கி வைத்து அளந்தானாம்.