தனியாக விட்டால் நாய் ஏன் ஊளையிடுகிறது?

வீட்டைப் பூட்டிவிட்டு நாம் வேலைக்குக் கிளம்பியதும் சில நாய்கள் ஊளையிடுகின்றன, கதவைப் பிறாண்டுகின்றன, செருப்பைக் கடித்துக் குதறுகின்றன. பல நேரங்களில் இதற்குக் காரணம் சேட்டை அல்ல, பயம்.

ஏன்?

நாய் ஓநாய் மரபில் வந்த, கூட்டமாக வாழும் விலங்கு. குறைந்தது 15,000 ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து, நம்மையே தன் கூட்டமாக ஏற்றுக்கொண்டது. நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் ஹார்மோன் கூடுவதைக் கண்டறிந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் பாசத்தை வளர்க்கும் அதே ஹார்மோன்! இவ்வளவு நெருக்கம் இருப்பதால் பிரிவு சில நாய்களைப் பதற வைக்கலாம். பெரும்பாலும் நாம் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் பதற்றம் தொடங்கிவிடும்.

எப்படிப் பழக்குவது?

சாவிக்கொத்து குலுங்கினாலே பிரிவு வரப்போகிறது என்று நாய் கற்றுக்கொள்கிறது. எனவே சாவியை எடுத்துவிட்டு, வெளியே போகாமல் உட்காருங்கள். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று பிரிவை மெல்ல நீட்டுங்கள். கிளம்புமுன் நன்றாக நடக்க வையுங்கள். தீனியை ஒளித்து வைத்தால், மோப்பம் பிடித்துத் தேடுவதில் கவனம் திரும்பும்.

சிறுநீரை நாள் முழுக்க அடக்க வைப்பது கொடுமை. பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே விட வேண்டும் என்பது சுவீடனின் விதி. நாமும் மதியம் யாராவது வந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம்.

திரும்பி வந்து நாயை அடிக்காதீர்கள். எதற்கு அடி என்று அதற்குப் புரியாது, பயம்தான் கூடும். பதற்றம் தணியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இது குணப்படுத்தக்கூடிய சிக்கல்தான்.