இரண்டு பெர்மிட்டுகள், ஒரே குழாய்

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி, வட கடலுக்குள் நின்றிருந்தது பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6 அன்று அங்கே ஒரே பம்பைச் சார்ந்த இரண்டு பெர்மிட்டுகள் இருந்தன. இரவு ஷிப்ட்காரர்களுக்கு ஒன்றைப் பற்றித்தான் தெரிந்திருந்தது. 167 பேர் இறந்தார்கள்.

ஆபத்தான இடத்தில் பழுது பார்க்கப் போகும் எவரும் முதலில் வாங்கவேண்டிய எழுத்து அனுமதிதான் பெர்மிட். என்ன வேலை, எந்த இடத்தில், எந்த வால்வை மூடியாயிற்று, எந்த மின் இணைப்பைத் துண்டித்தாயிற்று, எத்தனை மணி வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலை முடிந்தால் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். முடியாவிட்டால் நிறுத்திவைத்ததாகப் பதிய வேண்டும்.

அன்று 'ஏ' பம்பைப் பெரிய பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். அதற்கு ஒரு பெர்மிட். அந்த வேலை தொடங்கவே இல்லை. அதே பம்பின் குழாயில் இருந்த பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்ற இன்னொரு பெர்மிட். வால்வு கழற்றப்பட்டது. மாலை ஷிப்ட் முடிவதற்குள் திரும்பப் பொருத்த முடியாததால், குழாயின் வாயை ஓர் இரும்புத் தட்டால் மூடி, வேலையை மறுநாளுக்குத் தள்ளினார்கள். வால்வு இருந்த இடம் தரையிலிருந்து சுமார் 15 அடி உயரம். பம்பின் அருகில் நிற்பவர் கண்ணுக்கு அது படாது.

இரவு ஒன்பதே முக்கால் மணியளவில், ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்பான 'பி' நின்றுபோனது. மேடைக்கு மின்சாரம் தரும் இயந்திரங்களுக்கு எரிவாயு வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பம்பு ஓடியாக வேண்டும். தேடியபோது பராமரிப்புப் பெர்மிட் கிடைத்தது. வேலை தொடங்கவில்லை என்று அதில் தெரிந்தது. 'ஏ' பம்பை இயக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் கையில் இருந்த தகவலுக்கு அது சரியான முடிவுதான். வால்வு கழற்றியிருப்பதை ஷிப்ட் மாறும்போது யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. நிறுத்திவைத்த பெர்மிட்டுகள் வேறோர் அறையில், இடவாரியாக இல்லாமல் தொழில்வாரியாக அடுக்கப்பட்டிருந்தன.

குழாயின் வாயை மூடிய தட்டைப் பிடித்திருப்பவை போல்ட்டுகள். போல்ட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கும்போது எஃகு மிகச் சிறிதளவு நீள்கிறது. இழுத்துப் பிடித்த ரப்பர் வளையம் போல அது சுருங்கத் துடிக்கும் விசைதான் தட்டையும் கேஸ்கெட்டையும் இறுக்கிப் பிடிக்கிறது. கையால் மட்டும் திருகிய போல்ட்டில் அந்த விசை ஏறக்குறைய இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் நடந்த விசாரணை, அந்தத் தட்டு இறுக்கமாகப் பொருத்தப்படாததால் கசிந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவுகட்டியது.

கசிந்தது அழுத்தத்தால் திரவமாகியிருந்த வாயு. அதில் புரொப்பேன் கணிசம். ஒரு லிட்டர் திரவப் புரொப்பேன் வெளியே வந்தால் சுமார் 270 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் அது 2 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தாலே தீப்பற்றும். அப்படியென்றால் ஒரு லிட்டர் திரவம் பன்னிரண்டாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்றை வெடிக்கும் கலவையாக்கப் போதும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் எளிதில் மேலெழுந்து கலைவதும் இல்லை. பத்து மணிக்கு முதல் வெடிப்பு. அங்கிருந்த தடுப்புச் சுவர்கள் தீயைத் தாங்கக் கட்டப்பட்டவை, வெடிப்பைத் தாங்க அல்ல. அரை மணிக்குள் பெரிய எரிவாயுக் குழாய் ஒன்றும் வெடித்தது.

கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990 நவம்பரில் 106 பரிந்துரைகளோடு வந்தது. அதில் என்னை மிகவும் உலுக்குவது பயிற்சி பற்றிய பகுதிதான். பெர்மிட் முறையைக் கற்றுத்தர முறையான ஏற்பாடு இருக்கவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகியதுதான். பார்த்துப் பழகும்போது குறுக்கு வழியும் சேர்ந்தே பழக்கமாகிறது. 1987 செப்டம்பரில் அதே மேடையில் ஒரு தொழிலாளி இறந்திருந்தார். அப்போதும் பெர்மிட்டிலும் ஷிப்ட் ஒப்படைப்பிலும்தான் குறை.

படிவத்தை நிரப்பக் கற்றுத்தருவதைப் பயிற்சி என்று நான் ஏற்கமாட்டேன். நிரப்புவதற்கு அரை மணி நேரம் போதும். இரண்டு பெர்மிட்டுகளைக் கையில் கொடுத்து, இவை எந்தக் குழாயில் சந்திக்கின்றன என்று கேட்க வேண்டும். குழாய் வரைபடத்தோடு ஆலைக்குள் நடந்து, ஏணி ஏறி, திறந்திருக்கும் வாயைக் கண்ணால் பார்க்கச் செய்ய வேண்டும். ஷிப்ட் ஒப்படைப்பை நடித்துக் காட்டச் சொல்லி, வேண்டுமென்றே ஒரு தகவலை மறைத்து, வாங்குபவர் அதைக் கேட்டுப் பிடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அவர் மொழியில் இது நடக்க வேண்டும். கழற்றிய வால்வோடு தொடர்புள்ள பம்பின் சுவிட்சில் அவரே தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளப் பழக்க வேண்டும். அந்தச் சாவி வரும்வரை, பெர்மிட் எந்த அறையில் கிடந்தாலும் பம்பு ஓடாது.