முடிவறியாமல் ஆடிய ஆட்டம்

அம்பிட்டியக் குருமடத்தின் மதிலோரமாக மாலையில் நடந்துவருவது என் வழக்கம். மழை அவ்வழக்கத்தை முறித்துப்போட்ட ஒரு வாரத்தில், பழைய மாணவன் ஒருவன் தன் கணினியைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தான்.

"விளையாடிப் பாருங்க சேர். ஆனா ஒண்ணு, கதை எப்படிப் போகும்னு போன்ல தேடிப் பார்க்கக் கூடாது."

தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு மாணவன் இட்ட நிபந்தனை அது. புன்னகையோடு உடன்பட்டேன்.

விளையாட்டின் பெயர் 'தேர்ஸ்டி சூட்டர்ஸ்'. 'தாகங்கொண்ட வரன்கள்' என்று தமிழாக்கினால் நகைப்பு எழும். விளையாட்டும் நகைப்புக்கு அஞ்சுவதன்று. 2023 நவம்பரில் வெளிவந்தது. ஆக்கியது அவுட்டர்லூப் கேம்ஸ் என்னும் அமெரிக்கச் சிறு குழு. அதனை இயக்கிய சந்தன ஏக்கநாயக்க இலங்கையில் பிறந்தவர். ஒரு பாத்திரத்தை நாமே ஏற்று, அதன் சொல்லையும் செயலையும் தேர்ந்து கதையை நடத்திச் செல்லும் வகையைச் சேர்ந்தது இது.

நாம் ஏற்கும் பாத்திரம் ஜாலா என்னும் இளம்பெண். தந்தை இலங்கையர், தாய் இந்தியர். காலம் 1990களின் அமெரிக்கா. தமக்கையின் திருமணம் நெருங்குகையில், ஊரைவிட்டு ஓடியிருந்தவள் திரும்பி வருகிறாள். அவள் முன்பு காதலித்துக் கைவிட்டவர்கள் ஒவ்வொருவராக எதிரே வந்து நிற்கிறார்கள். முதலாமவன் மூன்றாம் வகுப்புக் காலத்துக் காதலன்! அவர்களோடு முறைவைத்துச் சண்டையிட வேண்டும். கைகால் வீச்சும் உண்டு. ஆயினும் எதிராளியின் மனநிலை அறிந்து சீண்டும் சொல்லுக்கே அங்கு வலிமை மிகுதி. பெற்றோருடன் நின்று சமைத்த உணவே களைப்புத் தீர்க்கும் மருந்து. ஜாலாவின் குடும்பம் அஞ்சுவதோ பாட்டி ஒருத்திக்கு. 'பாட்டி' என்றே அழைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் 'அம்மம்மா' என்றிருப்பார்களே என்று எண்ணிக்கொண்டேன். இதற்கு மேல் கதையைச் சொல்லேன்.

முடிவு தெரிந்தால் என்ன கேடு என்று இலக்கிய நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடும்போது, சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியப்போவதை அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இரார். அறிந்தும் ஆண்டுதோறும் இரதியோடு சேர்ந்து அழுகிறார்கள். அறிந்திருப்பதனால்தான் அழுகிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். நானும் அந்தக் கட்சிக்காரனாகவே இருந்தேன்.

ஒருநாள் இரவு அக்கட்சி தோற்றது. கதையின் நடுப்பகுதியில் ஜாலாவை மிகவும் வெறுத்த ஒருவரைச் சந்திக்கும் கட்டம் வந்தது. அவருக்கு அவள் என்ன தீங்கு செய்தாள் என்பது எனக்குத் தெரியாது. பழி என் தலைமேல் இருக்கிறது. குற்றம் மட்டும் விளங்கவில்லை. அந்த நிலை எனக்குப் பொறுக்கவில்லை. கைபேசியை எடுத்துத் தேடினேன். நடந்தது என்ன, என்ன சொன்னால் என்ன விளையும், எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள்.

மறுநாள் அந்தச் சந்திப்பை நிகழ்த்தினேன். எதிரே நின்றவரின் சினம் என்னைச் சுடவில்லை. எங்கே பணிய வேண்டும், எங்கே மௌனம் காக்க வேண்டும் என்பதெல்லாம் கசிந்த வினாத்தாளைக் கையில் வைத்திருந்த மாணவனைப் போல எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு பிழையும் நேரவில்லை. கணினித் திரையிலே சமாதானமும் உண்டாயிற்று. நான் மட்டும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.

கூத்தில் நாம் பார்ப்போர். மன்மதனை எரிப்பது நம் கையில் இல்லை. இங்கோ செய்வோன் நானே. மன்னிக்கப்படுவோமா என்பதை அறியாமல் வாய்திறப்பதுதான் மன்னிப்புக் கேட்டல். பதிலை முன்னரே பார்த்துக்கொண்டவன் அதனைக் கேட்க இயலாது.

2015இல் டோபி ஃபாக்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர், சிலர் உதவியைத் தவிரப் பெரும்பாலும் தனியொருவராகவே ஆக்கிய 'அண்டர்டேல்' என்னும் விளையாட்டு இதனை இன்னும் கூர்மையாக உணர்த்தும். அதில் எந்த எதிரியையும் கொல்லாமலே இறுதிவரை செல்லலாம். அவ்வாறு செல்கிறோமா இல்லையா என்பதில் அது வைத்திருக்கும் கணக்கைச் சொன்னால், என் வாதத்தை நானே முறித்தவனாவேன்.

கணினியைத் திருப்பிக் கொடுத்தபோது மாணவனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"எந்த இடத்துல சேர்?"

இடத்தைக் கூறினேன்.

"ஐயோ, அங்கயா!" என்றான். அந்த இடத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், ஒன்றையும் அழுத்தாமல் தான் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னான்.