சாய்ந்து நிற்கும் ஸ்டியரிங்: காரணங்களும் சோதனைகளும்

மிதிவண்டியில் செல்வோர் அனைவரும் அறிந்த அனுபவம் ஒன்று உண்டு. வண்டி ஒருமுறை விழுந்து எழுந்தபின், முன்சக்கரம் நேராக ஓடினாலும் கைப்பிடி ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிவிட்டால் குறை தீர்ந்துவிடுகிறது. மோட்டார் காரிலும் இதே தோற்றமுள்ள குறை நேர்வதுண்டு. சாலை நேராகச் செல்கிறது; காரும் நேராகவே ஓடுகிறது; ஆயினும் ஸ்டியரிங் மட்டும் வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்ந்து நிற்கிறது. இதைக் கண்டவுடன், மிதிவண்டிக்குச் செய்ததைப்போலவே ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக மாட்டிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு செய்வது பெரும்பாலும் தவறாகும். மிதிவண்டியில் திசை திருப்பும் சக்கரம் ஒன்றே, காரிலோ இரண்டு. ஆகவே ஒரே தோற்றத்திற்குப் பல காரணங்கள் இருத்தல் கூடும். அவற்றுள் சில தீங்கற்றவை. சில டயரைத் தின்பவை. சில உயிருக்கே ஊறு விளைவிப்பவை. எது எதுவென்று பிரித்தறியும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

சமவெளியும் மலைப்பாதையும்

சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலை சுமார் 70 கிலோமீட்டர் நீளமுடையது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருப்பதி தனி மாவட்டமாகும் வரையில் இவ்விரு நகரங்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. களப்பணியாளர் பலர் இன்றும் அடிக்கடி செல்லும் வழி இது. இச்சாலையில் ஸ்டியரிங் சற்றுச் சாய்ந்திருப்பின், ஓட்டுநர் அதைப் பழகிக்கொண்டு விடுகிறார். ஆனால் திருப்பதியிலிருந்து திருமலைக்குச் செல்லும்போது நிலைமை வேறாகிறது. முதல் மலைப்பாதை 1944-இலும், இரண்டாம் மலைப்பாதை 1974-இலும் திறக்கப்பட்டன. இப்போது வண்டிகள் இரண்டாம் பாதையில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகள் மிகுந்த முதல் பாதையில் இறங்குகின்றன. வளைவுக்குப் பின் வளைவாக இறங்கும்போது ஸ்டியரிங்கின் நடுநிலை எது என்று ஓட்டுநரின் கை தானாகவே அறிந்திருக்க வேண்டும். மேலும், இறக்கத்தில் பிரேக்கை மிதிக்குந்தோறும் வண்டியின் எடை முன்சக்கரங்களின்மேல் சாய்கிறது. சமவெளியில் மறைந்திருந்த முன்சக்கரக் குறைகள் அப்போது வெளிப்படுகின்றன. ஆகவே மலையடிவாரத்தில் உள்ள அலிபிரியை அடையுமுன் குறையின் தன்மையைத் தெரிந்துகொள்ளுதல் நன்று.

சாய்வு உண்டாகும் விதம்

ஸ்டியரிங்கின் தண்டு கீழே ஒரு சிறு பற்சக்கரத்தில் முடிகிறது. அது 'ரேக்' எனப்படும் பற்சட்டத்தை இடமும் வலமும் நகர்த்துகிறது. சட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் 'டை ராடு' எனப்படும் கம்பிகள் சென்று முன்சக்கரங்களைத் திருப்புகின்றன. வளைவில் உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இதற்கேற்ற இணைப்பை மியூனிக் நகரத்து வண்டித் தொழிலர் லாங்கென்ஸ்பெர்கர் 1817-இல் வகுத்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஆக்கர்மன் அதற்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்காகத் தோன்றிய அம்முறையே இன்றைய காரிலும் அடிப்படையாக உள்ளது.

இப்போது ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சித்தூரிலிருந்து புறப்பட்ட ஒரு காரின் இடப்பக்க முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் வேகமாக விழுந்தது எனவும், அதன் டை ராடு வளைந்து அச்சக்கரம் 1 பாகை வெளிப்புறமாக, அதாவது இடப்பக்கமாக, திரும்பிவிட்டது எனவும் வைத்துக்கொள்வோம். ஸ்டியரிங்கை நடுவில் பிடித்தால் வலச்சக்கரம் நேராகவும், இடச்சக்கரம் இடப்பக்கமாகவும் செல்ல முயலும். இரண்டின் சராசரி நேராக அமைந்தால்தான் கார் நேராக ஓடும். ஆகவே ஓட்டுநர் தம்மையறியாமலே இரு சக்கரங்களையும் அரைப் பாகை வலப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். ஸ்டியரிங் 16 பாகை சுழன்றால் சக்கரம் 1 பாகை திரும்பும் காராயின், ஸ்டியரிங் இப்போது 8 பாகை வலப்பக்கம் சாய்ந்து நிற்கும்.

இத்துடன் தீமை முடிவதில்லை. கார் நேராக ஓடினாலும் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் செல்லும் திசையிலிருந்து அரைப் பாகை விலகியே உருளுகின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், இது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுக்கப்படுவதற்கு ஒப்பாகும். சித்தூரிலிருந்து திருப்பதி சென்று சேருவதற்குள் ஒவ்வொரு முன்டயரும் 600 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. டயரின் உள்விளிம்பு விரைவில் தேய்வதற்கு இதுவே காரணம்.

இதே 8 பாகைச் சாய்வு முற்றிலும் வேறொரு வகையிலும் தோன்றலாம். பணிமனையில் 'வீல் அலைன்மென்ட்' செய்யும்போது, ஸ்டியரிங்கை நேராக நிறுத்திப் பூட்டாமல் இரு சக்கரங்களையும் ஒன்றுக்கொன்று மட்டும் சரிசெய்து விடுவதுண்டு. அப்போது சக்கரங்கள் இரண்டும் தமக்குள் ஒழுங்காகவே இருக்கும், டயர் தேயாது, ஸ்டியரிங் மட்டும் சாய்ந்திருக்கும். ஒரு டை ராடை நீட்டி மற்றதை அதே அளவு குறைத்துவிட்டால் இக்குறை நீங்கும். எனவே சாய்வின் அளவு மட்டும் நமக்கு உண்மையைச் சொல்வதில்லை. சாய்வு எப்போது தொடங்கியது, பள்ளத்தில் விழுந்தபின்னா, பணிமனையிலிருந்து திரும்பியபின்னா என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

முதலில் நீக்க வேண்டிய ஐயங்கள்

எந்திரத்தைக் குறைகூறுமுன் டயரையும் சாலையையும் நோக்க வேண்டும். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தை அளந்து, தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் கொணர்க. ஒரு பக்கத்து முன்டயரில் காற்று குறைந்தால் கார் அப்பக்கம் இழுக்கும். ஒரு புறமாக ஏற்றிய சுமையையும் இறக்கிவிடுக.

அடுத்தது சாலையின் சாய்வு. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரு மீட்டருக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் தளம் தாழ்ந்திருக்கும். நாம் இடப்பக்கமாகவே செல்வதால் கார் இடப்பக்கம் நழுவ முயலுகிறது. அதை எதிர்க்க ஸ்டியரிங் சிறிது வலப்பக்கம் நிற்கும். இது குறையன்று. இதே சாலையில் போய்த் திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் கருதலாம். திரும்பும்போதும் நாம் இடப்பக்கமே வருவதால் சாய்வின் விளைவு மாறாது. ஆனால் பக்கக் காற்றின் விளைவு திரும்பும்போது எதிர்ப்பக்கம் மாறிவிடும். ஆகவே போய்த் திரும்புதல் காற்றைப் பிரித்தறிய மட்டுமே உதவும். சாலைச் சாய்வைப் பிரித்தறிய, சமதளமான மைதானத்திலோ அகன்ற காலி இடத்திலோ மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்க. சமதளத்தில் ஸ்டியரிங்கை இலேசாக விட்டபோது கார் தன் வழியே நேராகச் செல்லுமாயின், அது 'சாய்வு'. கார் ஒரு பக்கம் ஒதுங்குமாயின், அது 'இழுப்பு'. இழுப்புக்கு டயரும் பிரேக்கும் முதற்காரணங்கள். முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டபின் இழுப்பும் பக்கம் மாறினால், குறை டயரில் உள்ளது. ஒரே திசையில் சுழல வேண்டும் என்று அம்புக்குறியிட்ட டயர்களை இவ்வாறு மாற்றலாகாது. பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் சில கிலோமீட்டர் ஓட்டியபின், ஒரு முன்சக்கரம் மட்டும் மற்றதைவிட மிகச் சூடாக இருப்பின், அதன் பிரேக் விடாமல் பிடிக்கிறது எனக் கொள்ளலாம். கையைச் சக்கரத்தருகே கொண்டுசென்றாலே வெப்பம் புலப்படும், தொட வேண்டாம்.

நான்கு சோதனைகள்

முதலாவது, நடுப்புள்ளிச் சோதனை. எஞ்சின் ஓடும் நிலையில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்புக. பின்னர் மறுபக்கத்து எல்லை வரை எத்தனை சுற்று என எண்ணுக. அதில் சரிபாதி திரும்பி வந்து நிறுத்துக. எல்லையில் நெடுநேரம் அழுத்திப் பிடித்தல் கூடாது. பெரும்பாலான கார்களில் இந்த நடுப்புள்ளியில் ஸ்டியரிங் நேராக நிற்க வேண்டும். இங்கே நேராக நின்று, ஓடும்போது மட்டும் சாய்ந்தால், குறை டை ராடுகளிலோ சக்கரங்களிலோ பின் அச்சிலோ உள்ளது. இங்கும் அதே அளவு சாய்ந்திருந்தால், ஸ்டியரிங்கே தண்டின்மேல் மாற்றி மாட்டப்பட்டிருக்கலாம். தண்டில் 36 பற்கள் இருப்பின் ஒரு பல் தவறினால் 10 பாகைச் சாய்வு உண்டாகும். ஓடும்போது நேராக நின்று இங்கே சாய்ந்தால், முன்பு யாரோ சக்கரக் குறையைத் தீர்க்காமல் ஸ்டியரிங்கை மட்டும் திருப்பி மாட்டி மறைத்திருக்கலாம். பழைய கார் வாங்குவோர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

இரண்டாவது, டயரைத் தடவிப் பார்த்தல். வண்டியை நிறுத்தியபின் டயரின் மேற்பரப்பைக் குறுக்காகத் தடவுக. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் அரம்போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் சக்கரம் பக்கவாட்டில் இழுபடுகிறது என்பது உறுதி. சக்கரங்கள் முன்புறம் விரிந்திருந்தால் உள்விளிம்பும், குவிந்திருந்தால் வெளிவிளிம்பும் தேயும்.

மூன்றாவது, ஈரத்தடச் சோதனை. தரையில் நீர் தெளித்து, அதன்மேல் காரை நேராக மெல்ல ஓட்டுக. முன்சக்கரங்களின் தடத்தையொட்டிப் பின்சக்கரங்களின் தடம் இருபுறமும் ஒரே அளவில் அமைய வேண்டும். ஒரு பக்கமாக விலகியிருந்தால் பின் அச்சு கோணியுள்ளது. பின்சக்கரங்கள் வலப்பக்கம் நோக்கினால், நேராகச் செல்வதற்கு முன்சக்கரங்களும் வலப்பக்கம் நோக்க வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் சாயும். பட்டை ஸ்பிரிங் உள்ள ஜீப் வகை வண்டிகளில் நடு போல்ட் முறிந்து அச்சு நகர்வதால் இது நேர்வதுண்டு. இத்தகைய வண்டியில் முன்சக்கரங்களை எத்தனை முறை சரிசெய்தாலும் பயனில்லை.

நான்காவதே மிக முக்கியமானது. சமவெளியில், போக்குவரத்து இல்லாத இடத்தில், இடப்பக்கம் ஒரு வளைவு திரும்பி நேராக ஓட்டி ஸ்டியரிங்கின் நிலையைக் குறிக்கவும். பிறகு வலப்பக்கம் ஒரு வளைவு திரும்பி மீண்டும் பார்க்கவும். இரு நிலைகளும் வெவ்வேறாக இருந்தால், எங்கோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது அல்லது இறுகிப் பிடிக்கிறது. சாய்வு நாளுக்கு நாள் மாறினாலும், பிரேக் மிதிக்கும்போது திடீரென மாறினாலும் பொருள் அதுவே. மாறாத சாய்வு பொறுத்துக்கொள்ளத்தக்கது. மாறும் சாய்வு பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று. டை ராடு முனை கழன்றால் அச்சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. இத்தகைய வண்டியைத் திருமலைப் பாதையில் ஏற்றலாகாது. வண்டியைத் திருப்பதியிலேயே பழுதுபார்க்க விட்டுவிட்டுப் பேருந்தில் மலையேறுக.

பணிமனையில் கேட்க வேண்டியவை

வேலையின் வரிசை முக்கியம். முதலில் டயர், அடுத்துத் தளர்ந்த மூட்டுகள், பின்னர்ப் பின்சக்கரங்கள், இறுதியாக ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி, முன்சக்கரங்கள் இரண்டையும் தனித்தனியே சரிசெய்தல். தளர்ந்த மூட்டை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மென்ட் அடுத்த பள்ளம் வரைதான் நிற்கும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை எழுத்தில் பெறுக. வளைந்த டை ராடை நிமிர்த்திப் போடுவதற்கு இசைய வேண்டாம், புதியதே தேவை.

ஸ்டியரிங்கைக் கழற்ற எவரும் தாமே முற்படலாகாது. இன்றைய கார்களில் அதனுள் காற்றுப்பை உள்ளது. தவறாகக் கையாண்டால் வெடித்து விரியும். பல கார்களில் ஸ்டியரிங்கின் கோணத்தை அளந்து, வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்புக்குத் தெரிவிக்கும் உணர்கருவியும் உண்டு. நேர் ஓட்டத்தையே திருப்பமென அது அறிவித்தால் அவ்வமைப்பு தவறாகச் செயல்படக்கூடும். ஆகவே அலைன்மென்ட் முடிந்தபின் அக்கருவியின் சுழிநிலை சரிபார்க்கப்பட்டதா என்று கேட்டறிக.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் இதனை நல்லதொரு பாடமாக்கலாம். 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் 1 பாகை என்பது சுமார் 3.3 மில்லிமீட்டர். நடுப்புள்ளியில் விளிம்பின் உச்சியில் ஒரு காகிதத் துண்டையும், அதற்கு நேராக அசையாத பகுதியில் மற்றொன்றையும் ஒட்டுக. கார் நேராக ஓடி நின்றபின் இரண்டிற்கும் உள்ள இடைவெளியை அளக்கச் செய்க. இடைவெளி 26 மில்லிமீட்டராயின் சாய்வு ஏறத்தாழ 8 பாகை; அதிலிருந்து சக்கரத்தின் பிழையையும், ஒரு கிலோமீட்டருக்கு டயர் எவ்வளவு இழுபடும் என்பதையும் மாணவர் தாமே கணக்கிடலாம். பின்னர், இந்த ஓர் அளவுக்கு எத்தனை காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றையும் எந்தச் சோதனையால் விலக்கலாம் என்று கேளுங்கள். வாய்ப்பாடாகப் படித்த கோணமும் சராசரியும், தம் ஊர்ச் சாலையில் ஓடும் வண்டியின் நலத்தைக் காக்கப் பயன்படுவதை அவர்கள் அப்போது நேரிற் காண்பர்.