கார் மேனியின் கீறலும் தெளிபூச்சின் ஆயுளும்

காரின் வண்ணப்பூச்சில் விழுந்த கீறல் ஒரு பள்ளம் என்பதால், அதை அழுக்கைத் துடைப்பதுபோல் துடைத்து எடுத்துவிட முடியாது; பள்ளத்தின் அடி எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த ஆழம்வரை சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்துத் தாழ்த்தினால்தான் அது இல்லாமற்போகும். பலகையில் விழுந்த வெட்டைப் போக்குவதற்குத் தச்சர் பலகையின் முகம் முழுவதையும் இழைப்புளியால் சீவி இறக்குவதும் இதுவும் ஒரே வகை வேலைதான். ஆனால் பலகைக்கு அங்குலக் கணக்கில் கனம் உண்டு. காரின் பூச்சுக்கோ எல்லா அடுக்குகளையும் சேர்த்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய கனம்தான் இருக்கிறது, அதிலும் தேய்ப்பதற்கு இடங்கொடுப்பது மேலே உள்ள ஒரே ஓர் அடுக்கு மட்டுமே. கீறல் நீக்கும் ஒவ்வொரு பாலிஷிலும் கார் தன் பூச்சில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற முடியாதபடி இழக்கிறது என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை. பாதுகாப்பு என்று இதில் சொல்லப்படுவதெல்லாம் அந்த இழப்பை எவ்வளவு குறைக்கலாம் என்பதைப் பற்றியதுதான்.

மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். தொழிற்சாலையில் காரின் எஃகு உடலை மின்னோட்டம் பாயும் தொட்டியில் மூழ்கவைத்து முதலில் ஏற்றப்படும் துருத்தடுப்புப் பூச்சு ஏறத்தாழ 20 மைக்ரான் கனமும், அதற்கு மேல் வரும் பிரைமர் 30 முதல் 40 மைக்ரான் வரையும், காருக்கு நிறத்தைக் கொடுக்கும் பேஸ் கோட் 15 மைக்ரான் அளவும் இருக்க, எல்லாவற்றையும் மூடிக்காக்கும் நிறமற்ற தெளிபூச்சு, அதாவது பெயிண்ட் கடைகளில் கிளியர் கோட் என்று கேட்டு வாங்கப்படுவது, பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் கனத்தோடு அமைகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி நிறத்தைக் காக்கும் வேதிப்பொருள்கள் இந்தத் தெளிபூச்சில்தான் கலந்திருக்கின்றன என்பதால், அதன் கனத்தில் பல மைக்ரான்களைத் தேய்த்து எடுத்துவிட்டால் கார் அன்றைக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும், சில ஆண்டு வெயிலுக்குப் பிறகு பானட்டிலும் கூரையிலும் தெளிபூச்சு வெண்மையாக வெளிறி, பிறகு தோலாக உரியத் தொடங்கும். அப்படி உரிந்த இடத்தை எந்தப் பாலிஷாலும் மீட்க முடியாது. புதிதாக பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி.

தெளிபூச்சு என்ற தனி அடுக்கு எல்லாக் காலத்திலும் இருந்ததன்று. 1924ஆம் ஆண்டு மாடல் ஓக்லண்ட் கார்களில் டூபான்ட் நிறுவனத்தின் டூகோ என்னும் விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அறிமுகமானபோதும், அதற்குப் பின் வந்த பல பத்தாண்டுகளிலும், நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கிலேயே இருந்தன. அத்தகைய காருக்குப் பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொள்ளும் என்பதால், எவ்வளவு பூச்சு போகிறது என்பது வேலை செய்பவரின் கண்ணுக்கு உடனே தெரிந்தது. 1980களில் தெளிபூச்சு பரவலான பிறகு, தேய்ந்து போவது நிறமற்ற பொருளாகிவிட்டது. துணியில் எந்தச் சாயமும் ஏறாததால் எதுவும் குறையவில்லை என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. இன்றைய கார்களில் அளவுக்கு மீறிய தேய்ப்பு நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெயிலிலோ தெருவிளக்கின் கீழோ நிற்கும் காரில் ஒளிப்புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும் நுண்கீறல்களைச் சுழல் கீறல்கள் என்பார்கள். அவை வட்டமாகத் துடைத்ததால் வட்டமாக விழுந்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சிறு கோடுகள். அவற்றுள் ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்த கோடுகள் மட்டும் ஒளியைக் கண்ணை நோக்கித் திருப்புவதால், விளக்கின் பிம்பத்தைச் சூழ்ந்த வட்டங்கள்போல அவை தோன்றுகின்றன. பார்ப்பவர் இரண்டடி நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். ஆகவே வட்டமாகத் துடைக்காமல் நேர்கோட்டில் துடைத்தால் போதும் என்ற அறிவுரையில் பயன் குறைவு. கீறுவது கையின் திசையன்று. துணிக்கும் பூச்சுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட மணல் துகள்.

சாலைத் தூசியில் பெரும்பங்கு வகிக்கும் குவார்ட்ஸ், ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் 7ஆம் இடத்தில் நிற்கிறது. கார் பூச்சு ஒரு பிளாஸ்டிக் வகைப் பொருள் என்பதால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. தமிழ்நாட்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு துணியையும் கொண்டு வரிசையாகப் பல கார்களைத் துடைப்பது வழக்கமாகிவிட்டது. முதல் காரின் மணல் அந்த வாளியில் இறங்கி, துணியில் ஏறி, அடுத்த காரின் பூச்சில் உரசுகிறது. இதற்காகத் துடைப்பவரைக் குறை சொல்வது நியாயமாகாது. குறைந்த கூலிக்கு, குறைந்த நேரத்தில், குழாய்த் தண்ணீர் தர மறுக்கும் இடத்தில் வேறெப்படியும் அவரால் செய்ய முடியாது. நாள்தோறும் துடைக்கும் பழக்கத்தைக் கார் உரிமையாளர்தான் கைவிட வேண்டும். தூசி படிந்த கார் தூசியோடு நிற்பதால் பூச்சுக்குக் கேடில்லை, அந்தத் தூசியை உலர்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ இழுப்பதால்தான் கேடு. வாரத்துக்கு ஒருமுறை தாராளமான தண்ணீரால் தூசியை முதலில் வழியவிட்டு, கார் ஷாம்பூ கலந்த வாளி ஒன்றும் துணியை அலசுவதற்குத் தனி வாளி ஒன்றுமாக வைத்துக்கொண்டு, கூரையில் தொடங்கிச் சக்கரத்தருகே முடிப்பது புதிய கீறல்களைப் பெருமளவு தடுக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுந்த ஊர்களில், கழுவிய காரை வெயிலில் தானாக உலரவிடக் கூடாது. உப்புப் புள்ளிகள் படிந்து, நாளடைவில் பூச்சையே அரித்துவிடும்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட கீறலைத் தொடுவதற்கு முன் அதன் ஆழத்தை அறிய வேண்டும். கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டும்போது நகம் தட்டாமல் வழுக்கிச் சென்றால், அது பெரும்பாலும் தெளிபூச்சோடு நின்றுவிட்ட கீறல். நகம் மாட்டி நின்றால், முழுவதும் தேய்த்து எடுக்க முடியாத ஆழம் அதற்கு இருக்கிறது. தண்ணீர் தெளித்தவுடன் கண்ணுக்கு மறையும் கீறல் மேலோட்டமானது என்ற நாட்டுச் சோதனைக்கும் அறிவியல் அடிப்படை உண்டு. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் தெளிபூச்சுக்கு ஏறத்தாழ 1.5, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, பள்ளத்தில் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரம்பும்போது இந்த வேறுபாடு குறைந்து, ஒளி சிதறுவதும் குறைகிறது. தேங்காய் எண்ணெயின் எண் 1.45 என்பதால் அது கீறலை இன்னும் நன்றாக மறைக்கும். எண்ணெய் தடவிக் கீறலை நீக்கியதாகக் காட்டும் செயல்விளக்கங்களின் இரகசியம் இதுதான். ஓரிரு முறை கழுவியதும் கீறல் பழையபடி வெளிப்படும். சில பாலிஷ்களிலும் இத்தகைய நிரப்புப் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

அடுத்ததாக, பூச்சின் கனத்தை அளக்கும் கருவி தேவைப்படுகிறது. எஃகுப் பகுதிகளில் காந்தத் தூண்டலாலும் அலுமினியப் பகுதிகளில் சுழல் மின்னோட்டத்தாலும் இயங்கும் இது, எல்லா அடுக்குகளின் மொத்தக் கனத்தையே காட்டும். தெளிபூச்சு மட்டும் எவ்வளவு என்பதைச் சொல்லாது. இருந்தாலும், காரெங்கும் 110 என்று காட்டிய கருவி ஒரு கதவில் மட்டும் 80 என்று காட்டினால் அங்கே முன்பே யாரோ நிறையத் தேய்த்திருக்கக்கூடும் என்றும், 250ஐத் தாண்டினால் மறு பெயிண்ட் என்றும், ஆயிரத்தை நெருங்கினால் டிங்கரிங் செய்து பட்டி போட்டது என்றும் ஊகிக்கலாம். பிளாஸ்டிக் பம்பரில் இக்கருவி வேலை செய்யாது. பிளாஸ்டிக் வெப்பத்தையும் கடத்தாது என்பதால் அங்கே இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பாலிஷுக்கு முன் காரைக் கழுவுவதோடு நிறுத்தக் கூடாது. பிரேக்கிலிருந்து பறந்து பூச்சில் குத்திக்கொண்ட இரும்புத் துகள்கள், மரப்பிசின், தார் ஆகியவை கழுவும்போது போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பாலிஷ் பஞ்சில் அவை அகப்பட்டால் கீறலை நீக்கப்போய்ப் புதுக் கீறலை உண்டாக்கும். இரும்பைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்து அலசிய பிறகு, கிளே எனப்படும் பிசைமண் போன்ற கட்டியை வழுக்குநீர் தெளித்த பரப்பில் அழுத்தமின்றி ஓட்டினால், எஞ்சியவை அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் அதை எறிந்துவிடுவதே நல்லது.

பாலிஷ் என்பதும் கீறுவதுதான் என்பதை நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே விளக்கியிருந்தார். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றுவது, பரப்பின் கீறல்களைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையாக்குவதே என்பது அவர் கருத்து. காம்பவுண்ட் என்ற பெயரில் விற்கப்படும் பசையில் சற்றுப் பருத்த அலுமினியம் ஆக்சைடு துகள்களும், பாலிஷ் என்ற பெயரில் வருவதில் அவற்றைவிட நுண்ணிய துகள்களும் கலந்திருக்கின்றன. முதலாவது ஆழ்ந்த கீறலை வெட்டி இறக்கிவிட்டுத் தன் மங்கலை விட்டுச்செல்ல, இரண்டாவது அந்த மங்கலைத் துடைக்கிறது. பற்பசையிலும் தேய்க்கும் துகள்கள் உண்டு என்றாலும், பல்லுக்காக உருவாக்கப்பட்ட துகளின் அளவு பூச்சுக்குப் பொருந்தியதன்று. காம்பவுண்டையும் மீறிய ஆழத்துக்குத் தொழில்முறையாளர் 2000, 3000 எண் கொண்ட வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ப்பதுண்டு. அந்தக் கருநிறத் தாளில் ஒட்டியிருப்பது, அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் 1891இல் மின்னுலையில் உருவாக்கி, கார்போரண்டம் என்று பெயரிட்ட சிலிக்கான் கார்பைடு. சென்னையில் 1954இல் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரில் அச்சொல் இன்னும் நிலைத்திருக்கிறது. 2000 எண் தாளின் துகள் ஏறத்தாழ 10 மைக்ரான் பருமன் கொண்டது; தெளிபூச்சின் கனம் 40 மைக்ரான் என்ற கணக்கை நினைத்துப் பார்த்தால், பழகாத கையில் இந்தத் தாள் இருக்கக் கூடாது என்பது விளங்கும்.

இயந்திரங்களில் ரோட்டரி எனப்படுவது ஒரே அச்சில் நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்றுவரை சுழன்று விரைவாக வெட்டும். ஓரிடத்தில் சில நொடிகள் கூடுதலாக நின்றுவிட்டால் அதன் உராய்வுச் சூடு தெளிபூச்சை எரித்து நிறத்தை வெளிக்காட்டிவிடும். திறமையற்ற கையில் அது விட்டுச்செல்லும் நிழலாடும் கோடுகள் வெயிலில்தான் தெரியும் என்பதால், மங்கிய கொட்டகையில் கார் குறையின்றித் தோன்றும். டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தில் பஞ்சு சுழல்வதோடு, 15 அல்லது 21 மில்லிமீட்டர் விட்டத்தில் அலைந்தும் ஓடுகிறது. பெரும்பாலான வகைகளில் அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி தானாக நின்றுவிடுவதால் பூச்சை எரித்துவிடும் அபாயம் மிகக் குறைவு. வீட்டில் முயல்பவருக்கு இதுவே ஏற்றது.

வேலை நிழலில், தொட்டால் சுடாத பரப்பில் நடக்க வேண்டும். கதவு விளிம்புகளிலும் உடலின் கூர்மையான மடிப்புகளிலும் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும் என்பதால் அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவது அவசியம். முதலில் ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும், கடையில் கிடைப்பவற்றுள் மிக மென்மையான பஞ்சையும் மிக நுண்ணிய பாலிஷையும் கொண்டு சோதித்துப் பார்ப்பதும், அது போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி வன்மையானதற்கு மாறுவதும் இத்தொழிலில் மிக மதிக்கத்தக்க பழக்கம். இயந்திரத்தை நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில், கிடையாகவும் நெடுக்காகவும் மாற்றி மாற்றி நான்கு முதல் ஆறு முறை நகர்த்தியபின், தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பாலிஷிலுள்ள எண்ணெய் நீங்கிய பிறகே, கீறல் உண்மையில் போயிற்றா, நிரம்பி மறைந்ததா என்பது தெரியும். சோதனைச் சதுரத்தில் பலித்த முறையையே கார் முழுவதற்கும் கையாள வேண்டும்.

எஞ்சும் சில கீறல்களை விட்டுவைப்பதே அறிவுடைமை. ஆழ்ந்த ஒற்றைக் கோட்டை அடிவரை துரத்துவதற்குப் பதிலாக அதன் விளிம்புகளை மட்டும் மழுங்கச் செய்தாலே ஒளி அவ்வளவாகத் தெறிக்காமல் கண்ணை உறுத்துவது நின்றுவிடும். சுழல் கீறல்களின் மேலேயே செராமிக் கோட்டிங் போட்டு மறைக்கலாம் என்ற எண்ணமும் தவறு. மெல்லிய அந்தப் படலம் கீறல்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். அதன் விளம்பரங்களில் காணப்படும் 9எச் என்பது பென்சில் கொண்டு அளக்கும் கடினத்தன்மையே தவிர மோஸ் அளவுகோலின் ஒன்பதன்று. மணலிலிருந்து அது காரைக் காப்பாற்றாது.

நகம் மாட்டும் கீறலில் வெண்மையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் அது பிரைமரை எட்டிவிட்டது. இரும்பு மின்னினால் துருவுக்கு வழி திறந்துவிட்டது, கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் அது விரைந்து பரவும். அங்கே பாலிஷுக்கு வேலையில்லை. கதவு நிலையிலோ என்ஜின் அறையிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் காணப்படும் நிறக் குறியீட்டைச் சொல்லி டச் அப் பெயிண்ட் வாங்கி, துரு இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரும்பு தெரியும் இடத்தில் பிரைமரும் அதன்மேல் நிறமும் இறுதியாகத் தெளிபூச்சுமாக, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்தது என மெல்லிய தூரிகையால் பள்ளத்துக்குள் மட்டும் நிரப்ப வேண்டும். ஒரே முறையில் கனமாக நிரப்பினால் மேற்பரப்பு உலர்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். பட்டறையில் ஒரு கதவு முழுவதற்கும் புதிதாக அடிக்க நேர்ந்தால், பூச்சிலுள்ள கரைப்பான் வெளியேறி முடிய ஓரிரு மாதங்கள் ஆகும் என்பதால், அதுவரை அந்தக் கதவின்மேல் வேக்ஸோ செராமிக் கோட்டிங்கோ போடாமல் வெறும் தண்ணீராலும் ஷாம்பூவாலும் மட்டும் கழுவி வர வேண்டும்.